மித்ரா

மித்ரா, பழம் பாரசீகர் வணங்கிய ஒளித்தெய்வம், உடன்படிக்கைகளின் காவலர். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட்டு, மித்தானி அரசர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையில், இந்திரன், வருணனோடு மித்திரனும் சாட்சியாக அழைக்கப்படுகிறார். இருக்கு வேதத்து மித்திரனும் பாரசீகரின் மித்ராவும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவர்கள்.

பாரசீகரின் மறைநூலான அவெஸ்தாவில் உள்ள மிஹிர் யஷ்து என்னும் துதி, இவருக்கு ஆயிரம் காதுகளும் பதினாயிரம் கண்களும் உண்டு என்கிறது. உறங்காதவர். சூரியனுக்கு முன்பே ஹரா மலைமேல் எழுபவர்; எனவே தொடக்க காலத்தில் இவரையே சூரியன் என்று கொள்வது பொருந்தாது. தீயவனுக்குக் கொடுத்த வாக்கையும் மீறக் கூடாது என்று அந்நூல் விதிக்கிறது. இவ்வழிபாட்டில் மிக உயர்ந்தது இதுவே.

ரோமப் பேரரசில் கி.பி. 1 முதல் 4ஆம் நூற்றாண்டு வரை படைவீரர்கள் இவரைக் குகை போன்ற நிலவறைகளில் வழிபட்டனர். காளையைக் கொல்லும் கோலம் அங்கு உருவானது. பாரசீக நூல்களில் அது இல்லை.

கிழக்கே, குஷாண மன்னர் கனிஷ்கரின் நாணயங்களில் 'மீரோ' என்ற பெயருடன், தலையைச் சுற்றி ஒளிக்கதிர் வீச நிற்கிறார். வட இந்தியச் சூரியச் சிற்பங்கள் முழங்கால் வரை காலணி அணிந்திருப்பது இந்த ஈரானியத் தொடர்பால்தான். சூரியனைப் பிரதிட்டை செய்ய உரியவர்கள் ஈரானிய வழிவந்த மகர் என்னும் குருமார் என்று 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதினார். கிருஷ்ணனின் மகன் சாம்பன் தன் குட்டம் நீங்கியபின் அவர்களைச் சாகத்தீவிலிருந்து அழைத்துவந்தான் என்பது புராணம்.

தமிழ்நாட்டுச் சிற்பிகள் அக்காலணியை ஏற்கவில்லை. இங்கே சூரியன் வெறுங்காலோடு, தோளளவு உயர்த்திய இரு கைகளில் தாமரை ஏந்தி நிற்கிறார். தைப்பொங்கலன்று வீட்டு முற்றங்களில் சூரியனுக்குப் படைக்கும் பொங்கல் உழவோடு பிறந்தது. அதைப் பாரசீகத்தோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை.

மித்ராவின் பெயர் தமிழ் மண்ணில் இன்றும் வழங்குவது சென்னை இராயபுரத்தில். பாரசீக வழிவந்த பார்சிகளின் நெருப்புக் கோயில் அங்கே 1910இல் எழுந்தது. பெயர் 'தர்-ஏ-மெஹர்', அதாவது மித்ராவின் வாயில். இறந்த மகன் ஜாலின் நினைவாக பிரோஜ் கிளப்வாலா அதைக் கட்டினார். அங்கே பார்சி குருமார் தீயை அணையாமல் காத்து வருகின்றனர். அவர்களின் நாட்காட்டியில் ஏழாம் மாதமும், ஒவ்வொரு மாதத்தின் பதினாறாம் நாளும் மெஹர் எனப்படும். மாதமும் நாளும் ஒன்றுசேரும் அன்று மெஹர்கான் விழா.