உணவும் உள்ளத்து வடுவும்

மன்னார்ப் பெருநிலத்து நெல்வயல்களுக்கு உயிரூட்டுவது கட்டுக்கரைக் குளம். அருவியாற்று நீரைத் தேக்கம் அணையில் மறித்து, வாய்க்கால் வழியே கொணர்ந்து அக்குளத்தை நிரப்புகின்றனர். குளத்தின் கரையைக் காக்கும் உழவர் ஓர் உண்மையை நன்கறிவர். கசிவு வெளியே தெரியும் இடம் ஒன்று. நீர் உட்புகுந்த இடம் வேறொன்று. நனைந்த இடத்தில் மட்டும் மண்ணைக் கொட்டினால் கரை நில்லாது. உணவைப் பற்றிய மனநோய்களை ஆராய்ந்த அறிஞர்கள் இவ்வுண்மையை உணர்வதற்கு முந்நூறு ஆண்டுகள் சென்றன.

1689ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மோர்ட்டன், உடலில் வேறு நோய் ஏதும் காணப்படாத நிலையில் உணவை வெறுத்து மெலிந்துபோன ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். 1873இல் பாரிஸில் லசேக்கும் லண்டனில் வில்லியம் கல்லும் தனித்தனியே இந்நோயை விரித்துரைத்தனர். அளவின்றி உண்டு பின் வலிந்து வெளியேற்றும் மற்றொரு நோயை 1979இல் ஜெரால்ட் ரசல் வரையறுத்தார். நோய்களுக்குப் பெயர்கள் கிடைத்தன. வேர் எங்கே என்ற வினா மட்டும் எஞ்சி நின்றது.

பசியே மனத்தைத் திரிக்கும் என்பதும் இதற்கிடையே தெளிவாயிற்று. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார், நல்லுடல் வாய்ந்த 36 தொண்டர்களின் உணவை ஆறு திங்கள் அளவும் குறைத்துப் பார்த்தார். அவர்கள் இரவும் பகலும் உணவையே எண்ணினர், சோர்ந்தனர், சினந்தனர், தனிமையை நாடினர். பட்டினி வயிற்றோடு நிற்பதில்லை என்பதற்கு இது சான்று.

வேரைக் காட்டும் வழி எதிர்பாராத இடத்தில் திறந்தது. 1980களில் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடற்பருமனைக் குறைக்கும் நிலையம் ஒன்றை நடத்தினார். எடை நன்கு குறைந்துவந்தவர்களே சிகிச்சையை இடையில் விட்டு நீங்கினர். காரணம் அறிய அவர்களுடைய வாழ்க்கை வரலாற்றை அவர் பொறுமையோடு கேட்டார். பலர் பிள்ளைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்கள் என்பது வெளிப்பட்டது. மருத்துவர் நோயென்று கண்ட பருமன், அவர்களிற் பலருக்கு அரணாக இருந்தது. பின்னர் அவரும் ராபர்ட் ஆண்டாவும் பிறரும் பல்லாயிரவரை ஆராய்ந்து 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். சிறுபருவத் துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூட, முதுமைவரை தொடரும் நோய்களும் கூடுவதை அவ்வாய்வு காட்டிற்று.

ஈழத்துத் தமிழில் இத்தகைய காயத்துக்கு மனவடு என்ற பெயர் வழங்குகிறது. போர் மக்கள் மனத்தில் விட்டுச்சென்ற வடுக்களை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் நூலாக வெளியிட்டார். மருத்துவ உளவியலாளர் கிளாடியா கற்றானியும் துணைவரும் இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ் மாணவரை ஆராய்ந்து 2008இல் எழுதினர். தந்தையின் குடியும் போரின் அனுபவமும், பிள்ளை வீட்டில் படும் கொடுமையோடு தொடர்புற்றிருப்பதை அவர்கள் கண்டனர். வெளியே நடந்த போர் வீட்டினுள்ளும் நுழைந்திருந்தது.

உணவு நோய் யாவற்றுக்கும் பிள்ளைப் பருவத் துன்பமே காரணம் என்று கொள்வது பிழை. பரம்பரை இயல்பும், உடலைப் பற்றிய சமூகத்தின் பார்வையும் அதில் பங்கு கொள்கின்றன. ஆகையால் நோயுற்ற பிள்ளையின் பெற்றோரைக் கண்டவுடன் குற்றவாளிகளாகக் கருதுதல் அறமன்று. ஆயினும் கேளாமல் விடுவதும் மருத்துவமன்று.

1990ஆம் ஆண்டின் வெளியேற்றத்தையும், 2008ஆம் ஆண்டின் பெரும்போரையும் கண்ட மண் மன்னார். அந்நாட்களில் பிள்ளைகளாயிருந்தோர் இன்று தாயரும் தந்தையருமாய்த் தம் மக்களுக்குச் சோறிடுகின்றனர். நெல் விளையும் நாட்டில், சோற்றைத் தள்ளிவைக்கும் பிள்ளையைச் செருக்குடையதென்று அதட்டுவது எளிது. ஒருவரும் காணாமல் அள்ளியுண்ணும் பிள்ளையைப் பெருந்தீனி என்று நகைப்பதும் எளிது. அருகிருந்து, "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருப்பதே அரிது. கசிவைக் கண்ட உழவன் கரையைப் பழிப்பதில்லை. நீர் புகுந்த இடத்தைத் தேடிக் குனிகிறான்.