ஈதர் இல்லாத ஈதர்நெட்

வீட்டு ரவுட்டரின் பின்புறத் துளையில் செருகப்படும் கேபிளுக்கு ஈதர்நெட் கேபிள் என்று பெயர். அப்பெயரின் முற்பாதி, உலகில் இல்லாத ஒரு பொருளைக் குறிக்கிறது.

ஒளி பரவ ஓர் ஊடகம் வேண்டும் என்று கருதிய பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியலாளர்கள், வெளியெங்கும் ஈதர் நிறைந்திருப்பதாக நம்பினர். 1887இல் மைக்கேல்சனும் மோர்லியும் செய்த சோதனையில் அதன் தடயம் கிட்டவில்லை. 1905இல் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் வந்தபின் அதற்குத் தேவையும் இல்லாமற் போயிற்று.

கைவிடப்பட்ட அந்தச் சொல்லை, 1973 மே 22 அன்று எழுதிய குறிப்பாணை ஒன்றில் ராபர்ட் மெட்காஃப் மீட்டெடுத்தார். கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்துக் கணினிகளை இணைக்கும் திட்டம் அது. அதற்கு வழிகாட்டியது கம்பியற்ற வலையமைப்பு ஒன்று என்பதே வியப்பு. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971இல் இயக்கத் தொடங்கிய அலோஹாநெட், தீவுகளுக்கிடையே வானொலி அலைகளில் தரவை அனுப்பியது. எந்த நிலையமும் அனுமதி கேளாமல் அனுப்பலாம். இரண்டு செய்திகள் மோதிச் சிதைந்தால் மீண்டும் அனுப்ப வேண்டும். இந்த முறையில் அலைவரிசைக் கொள்ளளவில் அதிகபட்சம் 18 விழுக்காடே பயன்படும்.

மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் இதற்கு அவை நாகரிகம் கற்பித்தனர். பேசுமுன் செவிகொடுக்க வேண்டும். பேசும்போதே மோதல் தெரிந்தால் நிறுத்திவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பேச வேண்டும். காற்றின் இடத்தில் அனைவருக்கும் பொதுவான ஒரே கேபிள் வந்தது. ஒருவர் பேசுவது எல்லார்க்கும் கேட்ட அந்த ஊடகத்துக்கு ஈதர் என்னும் பெயர் பொருந்திற்று.

1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் நிறுவனங்கள் வெளியிட்ட தரத்தின் தடித்த கேபிள் வீட்டுக்கு ஏற்றதன்று. 1990இல் வந்த 10பேஸ்-டி தரமே வழி திறந்தது: தொலைபேசிக் கம்பியைப் போன்ற முறுக்கிணைக் கம்பி, 100 மீட்டர் வரை, கணினிக்கு ஒன்றாக நடுப்பெட்டியில் வந்து சேரும். அதே ஆண்டில், இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் இணைந்து நிறுவிய கல்பனா என்னும் அமெரிக்க நிறுவனம் ஈதர்நெட் ஸ்விட்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது ஒவ்வொரு பொட்டலத்தையும் உரிய கணினிக்கு மட்டும் அனுப்பியது. பின்னர் அனுப்பவும் பெறவும் தனித்தனிப் பாதைகள் அமைந்ததும் மோதலே அற்றுப்போயிற்று. பொது ஊடகம் மறைந்தது. ஈதர் இரண்டாம் முறை இல்லாமற் போனது. தமிழில் ‘கற்பனை’ என வழங்கும் சொல்லைப் பெயராகக் கொண்ட நிறுவனம், கற்பனைப் பொருள் ஒன்றின் பெயர் தாங்கிய நுட்பத்தை அதிலிருந்து விடுவிக்கத் தொடங்கியது ஓர் இனிய தற்செயல்.

இன்று அதே வீட்டில் வைஃபையும் இருக்கிறது. அது காற்றைப் பொதுவாகப் பகிர்கிறது; பேசுமுன் செவிகொடுக்கிறது; அண்டை வீட்டு அலைகளுக்கும் வழிவிட்டுக் காத்திருக்கிறது. சுவரோரம் செல்லும் கேபிளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. அதன் சீரான வேகத்துக்கு அதுவே முதற்காரணம். ஈதரின் இயல்பு வைஃபையிடம் போயிற்று. பெயர் மட்டும் கேபிளிடம் தங்கிவிட்டது.