என்பிடெல் இணையவழிப் பாட விதிமுறைகள்

என்பிடெல் இணையவழிப் பாட விதிமுறைகள் என்பவை, தேசியத் தொழில்நுட்பவழி மேம்பட்ட கற்றல் திட்டம் (சுருக்கமாக என்பிடெல்) இணையத்தில் நடத்தும் கல்லூரிப் பாடங்களில் சேரும் மாணவர் பின்பற்ற வேண்டிய நடைமுறைகள் ஆகும். இத்திட்டத்தைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் (ஐ.ஐ.டி.) ஒருங்கிணைத்து வருகிறது. பாடத்தில் சேர்ந்து படிப்பதற்குக் கட்டணம் இல்லை. கல்லூரி, ஊர் என்ற கட்டுப்பாடுகளும் இல்லை. ஆனால் சான்றிதழ் பெற விரும்புபவர் தேர்வுக்குத் தனியே பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். படிப்பு இணையத்திலும் தேர்வு நேரிலும் நடைபெறுவதே இவ்விதிமுறைகளின் அடிப்படை ஆகும்.

வரலாறு

இணையவழிக் கல்வியில் சென்னைக்குத் தொடக்கம் முதலே பங்கு உண்டு. உலகெங்கும் வாழும் தமிழருக்குத் தமிழ் கற்பிக்கும் நோக்குடன் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 ஆம் ஆண்டு இங்கு தொடங்கப்பட்டது. அது இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் செயல்படுகிறது.

என்பிடெல் 2003 ஆம் ஆண்டில் இந்திய அரசின் நிதி உதவியுடன் தொடங்கியது. சென்னை, மும்பை, தில்லி, கான்பூர், கரக்பூர், குவகாத்தி, ரூர்க்கி ஆகிய ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இதில் இணைந்தன. இந்நிறுவனங்களில் இடம் கிடைக்காத பொறியியல் மாணவருக்கும் அங்குள்ள பேராசிரியர்களின் விரிவுரைகள் கிடைக்கச் செய்வது இதன் நோக்கம் ஆகும். முதற்கட்டத்தில் விரிவுரைகளின் நிகழ்படங்களும் பாடக்குறிப்புகளும் மட்டுமே வெளியிடப்பட்டன. அவற்றைப் பார்ப்பவருக்குக் காலக்கெடுவும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

2013-14 காலப்பகுதியில் சான்றிதழ்ப் பாடங்கள் அறிமுகமாயின. பார்வையாளர் மாணவராக மாறியது இக்கட்டத்தில்தான். வாராந்திர ஒப்படைப்பு, காலக்கெடு, தேர்வு, தேர்ச்சி வரம்பு ஆகியவை இதன்பின் உருவாயின. 2017 ஆம் ஆண்டு சூலை 9 அன்று இந்திய அரசின் ஸ்வயம் தளம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் தேசிய ஒருங்கிணைப்பாளர்களுள் ஒன்றாக என்பிடெல் இடம்பெற்றுள்ளது. சென்னை தரமணியில் உள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் ஸ்வயம் ஒருங்கிணைப்பாளர்களுள் ஒன்றாகும்.

பாட அமைப்பு

பாடங்கள் 4, 8 அல்லது 12 வாரங்கள் நடைபெறுகின்றன. இவற்றுக்கு முறையே 1, 2, 3 கிரெடிட்டுகள் வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது. சனவரியிலும் சூலையிலும் தொடங்கும் இரண்டு பருவங்கள் ஓர் ஆண்டில் உண்டு.

ஸ்வயம் பாடம் ஒவ்வொன்றும் நான்கு கூறுகளைக் கொண்டிருக்க வேண்டும். அவை நிகழ்பட விரிவுரை, படிப்பதற்கான எழுத்துவடிவப் பாடம், தன்மதிப்பீட்டு வினாக்கள், ஐயம் தீர்க்கும் கலந்துரையாடல் களம் என்பனவாகும். என்பிடெல் விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. பல பாடங்களின் எழுத்துவடிவம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் கிடைக்கிறது.

ஒரு வாரத்துக்குரிய நிகழ்படங்களும் ஒப்படைப்பும் அந்த வாரத்தில் வெளியிடப்படும். நிகழ்படத்தை எந்த நேரத்திலும், எத்தனை முறையும் பார்க்கலாம். வருகைப்பதிவு எடுக்கப்படுவதில்லை. எனினும் ஒப்படைப்பின் காலக்கெடு மாறாதது என்பதால், படிப்பின் வேகத்தைப் பாடத்தின் நாட்காட்டியே தீர்மானிக்கிறது.

சேர்க்கையும் தேர்வுப் பதிவும்

பாடத்தில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவு செய்வதும் இரு வேறு செயல்கள் ஆகும். முதலாவது இலவசமானது. இரண்டாவது தனிப் படிவத்தின் வழியாக, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே முடிக்க வேண்டியது. 2024 ஆம் ஆண்டுத் தேர்வுகளுக்கு ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய் கட்டணமாக இருந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குச் சான்று அளிப்பின் பாதிக் கட்டணச் சலுகை உண்டு.

பாடத்தில் சேர்ந்ததாலேயே தேர்வுக்கும் பதிவாகிவிட்டது எனக் கருதிவிடுவது புதிய மாணவர் செய்யக்கூடிய பிழையாகும். எல்லா ஒப்படைப்புகளையும் முடித்திருந்தாலும், தேர்வுப் பதிவு இல்லையெனில் அப்பருவத்தில் சான்றிதழ் கிடைக்காது. பட்டப்படிப்பின் ஒரு பாடத்துக்கு ஈடாக இதைத் தேர்ந்தெடுத்த மாணவர், அதே கிரெடிட்டை மறு பருவத்தில் ஈட்ட வேண்டிவரும்.

பதிவுப் படிவத்தில் தரும் பெயரும் ஒளிப்படமும் சான்றிதழில் அச்சாகும். ஆகவே கல்லூரிப் பதிவேட்டிலும் அரசு அடையாள அட்டையிலும் உள்ளவாறே பெயரை எழுதுவது நல்லது. முதலெழுத்து முன்னும் பின்னுமாக மாறுவது தமிழ்நாட்டு மாணவருக்கு அடிக்கடி நேர்வதால் இதில் கூடுதல் கவனம் தேவை.

ஒப்படைப்புகள்

மாணவர் அசைன்மென்ட் என வழங்கும் ஒப்படைப்பு பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களால் ஆனது. நிரலாக்கப் பாடங்களில் நிரல் எழுதும் வினாக்களும் இருக்கும். காலக்கெடு பொதுவாகப் புதன்கிழமை இரவு 11.59 மணி ஆகும். அதுவரை விடைகளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். கடைசியாக அனுப்பியதே மதிப்பிடப்படும். கெடு முடிந்தபின் சரியான விடைகள் வெளியிடப்படுவதால், தாமதமாக வரும் விடைகள் ஏற்கப்படுவதில்லை.

எல்லா ஒப்படைப்புகளும் மதிப்பெண்ணில் சேர்வதில்லை. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8, 8 வாரப் பாடத்தில் சிறந்த 6, 4 வாரப் பாடத்தில் சிறந்த 3 ஒப்படைப்புகளின் சராசரி மட்டும் கணக்கிடப்படும். நோய், மின்தடை, மழைவெள்ளம், கல்லூரி உள்தேர்வு ஆகியவற்றால் சில வாரங்கள் விடுபட்டாலும் மாணவர் பாதிக்கப்படாமல் இருக்க இது உதவுகிறது. இந்தச் சலுகையைத் தொடக்க வாரங்களிலேயே செலவழித்துவிட்டால் பின்னர் வரும் உண்மையான இடருக்கு அது மிஞ்சாது.

தேர்வு

தேர்வு பருவ முடிவில், பெரும்பாலும் சனி அல்லது ஞாயிற்றுக்கிழமையில், கண்காணிப்பாளர் முன்னிலையில் நடைபெறும். ஒரு நாளில் காலை, பிற்பகல் என இரு அமர்வுகள் உண்டு. ஒவ்வொன்றும் 3 மணி நேரம் கொண்டது. பெரும்பாலான பாடங்களுக்குத் தேர்வு கணினியில் நடத்தப்படுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்களை எழுதுபவர், அவை ஒரே அமர்வில் மோதாதவாறு தொடக்கத்திலேயே தேர்வு நாளைப் பார்த்துப் பாடங்களைத் தெரிவு செய்ய வேண்டும்.

தேர்வு அறைக்குள் நுழைய நுழைவுச்சீட்டும் ஒளிப்படத்துடன் கூடிய மூல அடையாள அட்டையும் கட்டாயமாகும். மாணவர் தேர்வெழுதும் நகரத்தையே தேர்ந்தெடுக்கிறார். அந்நகரில் எந்த மையம் என்பதை நுழைவுச்சீட்டே தெரிவிக்கும். சென்னையைத் தேர்ந்தெடுக்கும் அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதி மாணவருக்கு அது வீட்டருகே அமையலாம். நகரின் மறுகோடியிலும் அமையலாம். மின்தொடர்வண்டியில் செல்பவர் ஞாயிற்றுக்கிழமை கால அட்டவணை வார நாட்களிலிருந்து வேறுபடும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மதிப்பெண் முறை

இறுதி மதிப்பெண் 100. இதில் 25 ஒப்படைப்புகளுக்கும் 75 தேர்வுக்கும் உரியவை. சான்றிதழ் பெற, ஒப்படைப்பில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 ஆகிய இரு வரம்புகளையும் தனித்தனியே எட்ட வேண்டும். தகுதி பெற்றவரின் சான்றிதழ் வகை பின்வருமாறு அமையும்:

40 - 59: வெற்றிகரமாக முடித்தவர்
60 - 74: எலைட்
75 - 89: எலைட், வெள்ளி
90 - 100: எலைட், தங்கம்

எடுத்துக்காட்டாக, ஒப்படைப்புகளில் சராசரியாக நூற்றுக்கு 80 பெற்ற ஒருவருக்கு 20 மதிப்பெண் சேரும். அவர் தேர்வில் 75க்கு 45 பெற்றால் மொத்தம் 65 ஆகி எலைட் சான்றிதழ் கிடைக்கும். மாறாக, ஒப்படைப்பில் 25க்கு 25 பெற்று, தேர்வில் 29 மட்டும் பெற்றவரின் கூட்டுத்தொகை 54 ஆனாலும் அவருக்குச் சான்றிதழ் இல்லை. வீட்டிலிருந்து அனுப்பும் விடை யாருடையது என்பதை உறுதி செய்ய இயலாது என்பதே இதற்குக் காரணம். நேரில் எழுதும் தேர்வுக்கு நான்கில் மூன்று பங்கு மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருப்பதும் இதனாலேயே.

சான்றிதழ்கள் மின்வடிவில் வழங்கப்படுகின்றன. அவற்றின் உண்மைத்தன்மையை இணையத்தில் சரிபார்க்கலாம். பிற ஒருங்கிணைப்பாளர்கள் நடத்தும் பல ஸ்வயம் பாடங்களில் 30க்கு 70 என்ற வேறு விகிதம் பின்பற்றப்படுவதால், ஒரு பாடத்தின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்துதல் கூடாது.

கல்வி நேர்மை

ஒப்படைப்புக்கான விடைகளை மாணவர் தாமே எழுத வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கலந்துரையாடல் களத்தில் கருத்தையும் வழிமுறையையும் கேட்கலாம். கெடு முடியும் முன் விடைகளை அங்கு வெளியிடுதல் முறையன்று. ஒப்படைப்பு விடைகள் நிகழ்படங்களாகவும் செய்திக் குழுக்களிலும் பரவுவது பரவலாக அறியப்பட்ட சிக்கலாகும். அவற்றைப் படியெடுப்பவர் 25 மதிப்பெண்ணைப் பெறக்கூடும். ஆயினும் மீதமுள்ள 75க்கு அது உதவுவதில்லை.

கிரெடிட் மாற்றம்

பல்கலைக்கழக மானியக் குழு 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒழுங்குவிதி, ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்க இடமளித்தது. 2021 ஆம் ஆண்டில் இவ்வரம்பு 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. எந்தெந்தப் பாடங்கள் ஏற்கப்படும் என்பதைக் கல்வி நிறுவனமே பருவத்துக்கு முன்னர் தீர்மானிக்கிறது.

குரோம்பேட்டையில் உள்ள, அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சென்னை தொழில்நுட்ப நிறுவனம் (எம்.ஐ.டி.), தாம்பரத்தில் உள்ள தன்னாட்சி பெற்ற சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்று ஒரே வட்டாரத்தில் அமைந்த நிறுவனங்களும் வெவ்வேறு கல்வி விதிகளின்கீழ் இயங்குபவை. ஆகவே ஒரு கல்லூரி ஏற்கும் பாடத்தை அடுத்த கல்லூரியும் ஏற்கும் எனக் கொள்ள இயலாது. சேர்வதற்கு முன்பே துறையின் எழுத்துமூல ஒப்புதலைப் பெறுதல் மாணவருக்குப் பாதுகாப்பு ஆகும். பல கல்லூரிகளில் என்பிடெல் உள்ளூர்க் கிளையும் அதற்குப் பொறுப்பான ஓர் ஆசிரியரும் உள்ளனர். இவ்வாசிரியரே மாணவருக்கும் என்பிடெல்லுக்கும் இடையிலான தொடர்பாளர் ஆவார்.

முழுப் பட்டப்படிப்பு

2020 ஆம் ஆண்டு சூன் 30 அன்று சென்னை ஐ.ஐ.டி. இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றை அறிமுகப்படுத்தியது. தரவு அறிவியல் தொடர்பான இப்படிப்பு 2022 ஆம் ஆண்டில் நான்கு ஆண்டு பி.எஸ். பட்டமாக விரிவடைந்தது. தனிப்பாடத்துக்கான விதிகளின் அதே இயல்பு இதிலும் காணப்படுகிறது. நான்கு வாரப் பாடத்தைப் படித்து, ஒப்படைப்புகளில் குறைந்தபட்ச மதிப்பெண் பெற்றவரே தகுதித் தேர்வை எழுத முடியும். சேர்ந்தபின் பாடங்களும் ஒப்படைப்புகளும் இணையத்தில் நடைபெறும். பருவ இடைத் தேர்வுகளும் இறுதித் தேர்வும் மையங்களில் நேரில் நடைபெறும்.

விமர்சனங்கள்

இவ்விதிமுறைகள் எல்லோருக்கும் பொதுவானவை. ஆனால் அவற்றைப் பின்பற்றும் வசதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. தனிக் கணினி இல்லாமல் குடும்பத்தின் ஒரே கைபேசியில் படிப்பவர், ஆங்கில விரிவுரையைத் தொடர இயலாதவர், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் ஆகியோருக்கு வாராந்திரக் கெடு சுமையாக அமைகிறது. வகுப்பறையில் தவறவிட்டதை நினைவூட்டும் ஆசிரியரோ அருகில் அமரும் நண்பரோ இங்கு இல்லை. நினைவூட்டல் மின்னஞ்சல் வழியாகவே வருகிறது. அதைத் தவறாது பார்ப்பதும் மாணவரின் பொறுப்பே. இலவசப் பாடங்களில் சேர்பவருள் பெரும்பாலோர் அவற்றை முடிப்பதில்லை என்பது உலகெங்கும் இணையவழிப் பாடங்களில் காணப்படும் போக்காகும்.

மறுபுறம், சிறந்த ஒப்படைப்புகளை மட்டும் கணக்கிடுதல், கட்டணச் சலுகை, இந்திய மொழிகளில் எழுத்துவடிவம் ஆகியவை இக்குறைகளை ஓரளவு ஈடுசெய்கின்றன. நுழைவுத் தேர்வு இன்றி எவரும் சேரலாம் என்பதும், தேர்வு அறையில் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதும் சேர்ந்தே இச்சான்றிதழின் மதிப்பைத் தாங்கி நிற்கின்றன.