வேட்பாளர் மரணமும் வாக்குப்பதிவு நிறுத்தமும்

வாக்குப்பதிவுக்கு முன் வேட்பாளர் இறந்தால் செய்ய வேண்டியதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 52ஆம் பிரிவு வரையறுக்கிறது. மரணம் அல்லாத காரணத்தால் தேர்தல் நின்றதற்கு வேலூர் மக்களவைத் தொகுதி (2019) சான்று.

வரலாறு: தொடக்கத்தில் முறையான வேட்புமனு உள்ள எவர் இறந்தாலும், சுயேச்சையானாலும், தேர்தல் ரத்தாகிப் புதிதாக நடந்தது. இது வன்முறைக்கு வழிவிட்டது: ஒரு சுயேச்சையைக் கொன்றாலே ஒரு தொகுதியின் தேர்தலை முடக்கிவிடலாம். 1991இல் பஞ்சாபில் வேட்பாளர்கள் பலர் கொல்லப்பட்டனர். 1992, 1996ஆம் ஆண்டுத் திருத்தங்கள் இவ்விதியைச் சுருக்கின.

இன்றைய நடைமுறை: அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால் மட்டுமே வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்படும். தேர்தல் நடத்தும் அலுவலர் மரணத்தை உறுதிசெய்து ஒத்திவைப்பை அறிவித்து, தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிப்பார். ஆணையம் அறிவிப்பு அனுப்பிய 7 நாளுக்குள் அக்கட்சி மாற்று வேட்பாளரை நிறுத்தலாம். களத்தில் உள்ள மற்றவர்கள் மீண்டும் மனுத்தாக்கல் செய்ய வேண்டியதில்லை. சுயேச்சை இறந்தால் தேர்தல் குறித்த நாளில் நடக்கும்.

வாக்குப்பதிவுக்குப் பிந்தைய மரணத்துக்கு இவ்விதி பொருந்தாது. திருவில்லிபுத்தூர் காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ், 2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவுக்குப் பின் ஏப்ரல் 11இல் இறந்தார். மே 2இல் வாக்கு எண்ணிக்கை வழக்கம்போல் நடந்தது, அ.தி.மு.க. வென்றது. இறந்தவர் வென்றிருந்தால் இடைத்தேர்தல் வந்திருக்கும்.

வேலூர், 2019: ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவற்றை உள்ளடக்கிய இத்தொகுதியில் ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நாள். பெருந்தொகை கைப்பற்றப்பட்டதை அடுத்து ஆணையம் பரிந்துரைக்க, குடியரசுத் தலைவர் ஏப்ரல் 16இல் தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்தார். 52ஆம் பிரிவு இங்கு உதவாது. அரசமைப்பின் 324ஆம் உறுப்பும் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 21ஆம் பிரிவும் ஆதாரமாயின. ரத்தை எதிர்த்த மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

தொகுதிக்குள் அடங்கிய ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் மட்டும் ஏப்ரல் 18இல் நடந்தன. ஆம்பூர் வாக்காளர் அன்று சட்டமன்றத்துக்கு வாக்களித்து, மக்களவைக்கு ஆகஸ்ட் வரை காத்திருந்தார்.

மரணத்தால் வரும் ஒத்திவைப்பில் பழைய மனுக்கள் செல்லுபடியாகும். அறிவிக்கை ரத்தானால் எல்லாம் மனுத்தாக்கலிலிருந்தே தொடங்கும். வேலூரில் அவ்வாறே ஜூலையில் மனுக்கள் பெறப்பட்டு ஆகஸ்ட் 5இல் வாக்குப்பதிவு நடந்தது. தி.மு.க.வின் கதிர் ஆனந்த், அ.தி.மு.க. கூட்டணியின் ஏ.சி.சண்முகத்தை 8,141 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.