வளர்ந்தோர்க்கு வரைந்த படங்கள்

ஓவியங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படம்பிடித்து ஓடவிட்டு, அவற்றுக்கு உயிரூட்டும் கலையைக் 'கார்ட்டூன்' என்று கூறிச் சிறுவர்க்கென ஒதுக்கிவிடுவது பலரிடம் காணப்படும் வழக்கம். ஜப்பானியர் அதனை 'அனிமே' என்பர். சிறுவர் மகிழ அவர்கள் வரைந்த படங்கள் பல. எனினும், வளர்ந்தோரே தாங்கத்தக்க துயரையும் வளர்ந்தோரே எடைபோடத்தக்க சிந்தனையையும் சொல்ல அக்கலையைக் கையாண்டோரும் அந்நாட்டில் தோன்றினர். அதற்குத் தூண்டுகோலாய் அமைந்தவற்றுள் போரின் நினைவு தலையாயது. அவ்வரலாற்றின் முதல் ஏட்டிலேயே சிங்கப்பூரின் நிழல் விழுந்திருத்தலால், இந்நாட்டுத் தமிழாசிரியரும் மாணவரும் அதனை அறிந்திருத்தல் பொருத்தமுடையதாகும்.

ஜப்பானின் முதல் முழுநீள ஓவியத் திரைப்படம் 1945ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வெளிவந்தது. கடற்படை அமைச்சின் ஆதரவுடன் ஷோச்சிக்கு நிறுவனம் தயாரிக்க, செயோ மிட்சுயோ இயக்கிய 'மொமொத்தாரோ: கடலின் தெய்வ வீரர்கள்' என்பதே அது. 74 நிமிடம் ஓடக்கூடியது. பீச் பழத்திலிருந்து பிறந்து, அரக்கர் தீவை வென்ற சிறுவனைப் பற்றிய நாட்டுப்புறக் கதையின் நாயகன் இப்படத்தில் படைத்தலைவனாகிறான். விலங்குகள் அவனுடைய வீரர்கள். தென்கடல் தீவு ஒன்றில் அவர்கள் தளம் அமைக்கின்றனர். அத்தீவின் விலங்குகளுக்கு ஜப்பானிய எழுத்துகள் பாட்டாகக் கற்பிக்கப்படுகின்றன. அவையும் களிப்போடு சேர்ந்து பாடுகின்றன. இறுதியில், கொம்பு முளைத்த வெள்ளையர் ஆங்கிலத்தில் தடுமாறிப் பேசிச் சரணடைகின்றனர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் புக்கிட் தீமாவிலுள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் யமாஷித்தாவின் முன் பெர்சிவல் அமர்ந்திருந்த காட்சியின் கேலி வடிவமே இஃது என்பது வரலாறு கற்றோர்க்கு எளிதில் விளங்கும்.

திரையில் தீவு மக்கள் பாடிக் களித்த அதே ஆண்டுகளில் உண்மையில் நிகழ்ந்தது வேறு. சிங்கப்பூர் 'ஷோனான்' எனப் பெயர் மாற்றப்பட்டது. பள்ளிகளில் ஜப்பானிய மொழி புகுத்தப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருள் பல்லாயிரவர் மீளவே இல்லை. இவற்றுள் எதற்கும் அப்படத்தில் இடமில்லை. கோடும் வண்ணமும் எத்துணை அழகாகப் பொய்யுரைக்க வல்லன என்பதற்கு அப்படமே சான்றாகும்.

அது வெளிவந்த வேளையில் ஜப்பானிய நகரங்கள் குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்தன. சிறுவர் பலர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். பார்த்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர், ஒசாக்கா நகரில் அதனைக் கண்டு கண்ணீர் வடித்த 16 வயது இளைஞரான தெசுக்கா ஒசாமு. போர்ப் பரப்புரைக்கு அடியில் மறைந்திருந்த கலையின் ஆற்றல் அவரை ஆட்கொண்டது. 1963இல் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரைத் தொலைக்காட்சிக்கு வழங்கிப் புகழ்பெற்ற அவர், 1969இல் வளர்ந்தோர்க்கென்றே 'ஆயிரத்தோர் இரவுகள்' என்னும் ஓவியப் படத்தைத் தம் முஷி நிறுவனத்தின் வாயிலாக உருவாக்கினார். அவ்வரிசையில் அந்நிறுவனம் 1973இல் வெளியிட்ட 'துயரத்தின் பெல்லடோனா' வருவாய் ஈட்டவில்லை. நிறுவனமும் அவ்வாண்டிலேயே நொடித்தது. முயற்சி தோற்றது, எனினும், ஓவியப் படம் சிறுவர்க்கே உரியது என்னும் வேலி உடைந்தது.

போரின் உண்மை முகத்தை ஓவியத்தில் காட்டியோர் அதனை நேரில் கண்டவர்களே. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது நக்காசாவா கெய்ஜிக்கு வயது ஆறு. தந்தையையும் உடன்பிறந்தோர் இருவரையும் அவர் அன்று இழந்தார். அத்துயரை அவர் சித்திரக் கதையாக வரைந்தார். அது 1983இல் 'வெறுங்கால் கென்' என்னும் திரைப்படமாயிற்று. ஒகாயாமா நகர் எரிந்தபோது 9 வயதுச் சிறுவராய்த் தீயினூடே ஓடிப் பிழைத்தவர் தக்காஹாத்தா இசாவோ. நோசாக்கா அக்கியுக்கி 1967இல் எழுதிய சிறுகதையைத் தழுவி, அவர் 1988இல் 'மின்மினிகளின் கல்லறை' படத்தை இயக்கினார். கோபே நகரில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் மாய்வதே கதை. இதில் பகைவனின் முகம் தோன்றுவதில்லை. தோன்றுவன வெறுமையான அரிசிப் பானையும் முகங்கோணும் உறவினருமே. சிறுவனின் வறட்டு மானமும் தங்கையின் சாவுக்கு ஒரு காரணம் என்பதைப் படம் மறைக்காமல் காட்டுகிறது. அதனை வெறும் போரெதிர்ப்புப் படமாகக் கொள்ளலாகாது என்று இயக்குநரே கூறியிருந்தார்.

இவை யாவும் உயர்ந்த படைப்புகளே. ஆயினும், ஜப்பானியர் பட்ட துயரைக் காட்டிய அளவுக்கு, அவர்தம் படையால் பிறர் பட்ட துயரை இவை காட்டவில்லை என்னும் குறை எஞ்சி நிற்கிறது. கோனோ ஃபுமியோவின் சித்திரக் கதையைக் கத்தாபுச்சி சுனாவோ 2016இல் 'உலகின் இந்த மூலையில்' என்று படமாக்கியபோது, அக்குறை சிறிதளவேனும் நீங்கிற்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் நிதியளித்துத் தொடங்க உதவிய படம் அது. கூரே துறைமுக நகரில் வாழும் சுசு என்னும் இளம்பெண், குண்டுவெடிப்பில் ஓவியம் தீட்டும் வலக்கையை இழக்கிறாள். சரணடைந்த செய்தியைக் கேட்டபின், தன் ஊரில் கொரியக் கொடி ஏறுவதைக் காண்கிறாள். கடலுக்கு அப்பாலிருந்து வந்த அரிசியாலும் சோயா அவரையாலும் வளர்ந்தது தன் உடல் என்பதை உணர்ந்து குமுறி அழுகிறாள். பிறர் உழைப்பின் மீதும் பிறர் நிலத்தின் மீதும் தன் நாடு நின்றிருந்ததை ஓர் எளிய இல்லத்தரசி உணரும் கணம் அது.

வளர்ந்தோர்க்கான அனிமே போரைப் பற்றியதாக மட்டும் நின்றுவிடவில்லை. ஓத்தோமோ கத்சுஹிரோவின் 'அக்கிரா' (1988) கட்டுமீறிய அறிவியலையும், கொன் சத்தோஷியின் 'பெர்ஃபெக்ட் புளூ' (1997) புகழுக்கு இரையான ஒரு பெண்ணின் மனச்சிதைவையும் ஆராய்கின்றன. இவ்விரண்டும் கொடிய காட்சிகள் நிறைந்தவை. பள்ளி வகுப்பறைக்கு ஏற்றவை அல்ல. 'மின்மினிகளின் கல்லறை', 'உலகின் இந்த மூலையில்' ஆகியவற்றை மேல்நிலை மாணவர் ஆசிரியர் துணையோடு காணலாம். 'வெறுங்கால் கென்' படத்தின் குண்டுவீச்சுக் காட்சி மனத்தை உலுக்குவதாதலின், அதனை ஆசிரியர் முன்னரே பார்த்து முடிவு செய்தல் நலம்.

1945ஆம் ஆண்டுப் படத்தின் மொழிப்பாடக் காட்சியையும் 2016ஆம் ஆண்டுப் படத்தின் கொடியேற்றக் காட்சியையும் அடுத்தடுத்துக் காட்டிய பின், மாணவரிடம் ஆசிரியர் வினவத்தக்கவை சில உண்டு. முதற்காட்சியில் பாடுவோர் உண்மையில் யார்? அவர்களைப் பாடவைத்தவர் யார்? அந்நாளில் அவர்தம் வீட்டில் உலை கொதித்ததா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன், தன் பாட்டனாரின் தோட்டத்து வரலாற்றையும் கேட்டறியத் தலைப்படுவான்.