27 வரிகள்

மல்டிக்ஸ் என்ற இயங்குதளத் திட்டத்திலிருந்து பெல் ஆய்வகம் 1969-இல் விலகிக்கொண்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். நியூஜெர்சியின் முர்ரே ஹில்லில் இருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் புதிய கணினி கேட்டுப் பார்த்தார்கள், நிர்வாகம் இணங்கவில்லை. கடைசியில் தாம்சனுக்குக் கிடைத்தது, அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு பி.டி.பி-7. அதன் மொத்த நினைவகம் இன்றைய கணக்கில் 18 கிலோபைட். ஒரு சிறிய புகைப்படம்கூட அதில் அடங்காது.

அந்த ஆண்டுக் கோடையில் அவர் மனைவி குழந்தையுடன் கலிபோர்னியா போயிருந்தார். கெர்னல், ஷெல், எடிட்டர், அசெம்பிளர் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் ஒதுக்கி, பின்னர் யூனிக்ஸ் எனப்பட்ட இயங்குதளத்தைத் தாம்சன் எழுதி முடித்தார். பலரும் சொல்லும் கதை இது. என்னைக் கவர்வது அதற்கு அடுத்து நடந்தது.

அந்த இயந்திரத்தில் இரண்டு டெர்மினல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம். நீங்கள் ஒரு கட்டளை தட்டினால், ஷெல் தன்மீதே அந்த புரோகிராமை ஏற்றிக்கொண்டு அழிந்துபோகும்; வேலை முடிந்ததும் டிஸ்க்கிலிருந்து புது ஷெல் வரும். ஒரு புரோகிராம் இன்னொன்றைத் தொடங்கிவைக்க வேண்டுமென்றால் என்ன செய்வது?

ஒரு ப்ராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும் ‘ஃபோர்க்’ என்ற கருத்து பெர்க்லியின் ஜீனி அமைப்பிலேயே இருந்தது. ஆனால் இங்கே அதற்கான வழி, இடப் பற்றாக்குறையிலேயே இருந்தது. நினைவகத்தில் ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸ்தான் இருக்க முடியும் என்பதால், மற்றதை டிஸ்க்கில் எழுதிவைக்கும் வசதி முன்பே உண்டு. ஓடிக்கொண்டிருப்பதை அப்படி எழுதிவிட்டு, நினைவகத்தில் இருப்பதையும் தொடர்ந்து ஓடவிட்டால்? நகல் தயார்! ப்ராசஸ் பட்டியலைச் சற்று நீட்டினார்கள். ஃபோர்க்குக்குத் தேவைப்பட்டது அசெம்பிளியில் சரியாக 27 வரிகள்.

கொண்டாட்டத்தின் நடுவே டைரக்டரி மாற்றும் ‘சிடிர்’ கட்டளை வேலை செய்யாமல் நின்றது. நிரலை வரிவரியாகப் படித்த பிறகே காரணம் புரிந்தது. கட்டளை இப்போது தனி ப்ராசஸாக ஓடுகிறது. அது தன் டைரக்டரியை மாற்றிக்கொண்டு முடிந்துவிடுகிறது, ஷெல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. கட்டளையை ஷெல்லுக்குள்ளேயே சேர்த்தார்கள். இன்றைய லினக்ஸில் நாம் தட்டும் ‘சிடி’யும் ஷெல்லுக்குள்தான் இருக்கிறது.

1970-இல், ஆவணங்களைத் தயாரிக்கும் அமைப்பு ஒன்றை உருவாக்கித் தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ 65,000 டாலருக்கு ஒரு பி.டி.பி-11 வாங்க அனுமதி பெற்றார்கள். கோடையில் ப்ராசஸர் வந்தது, டிஸ்க் டிசம்பரில்தான் வந்தது. 24 கிலோபைட் நினைவகத்தில் 16 இயங்குதளத்துக்கு, 8 மட்டுமே பயனர்களுக்கு. காப்புரிமைப் பிரிவின் தட்டச்சர்கள் மூவர் அதில் விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டிருக்க, அதே இயந்திரத்தில்தான் யூனிக்ஸும் வளர்ந்தது. நினைவகத்துக்குப் பாதுகாப்பு இல்லை. சோதனைக்கு ஓடவிடும் எந்த புரோகிராமும் மொத்த அமைப்பையும் சாய்த்துவிடக்கூடும். எழுதியவர்களின் துணிச்சலைவிட அந்தத் தட்டச்சர்களின் பொறுமை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

காப்புரிமைப் பிரிவு அந்த அமைப்பையே ஏற்றுக்கொண்டது. அந்த வெற்றியைக் காட்டித்தான், நினைவகப் பாதுகாப்புடன் முதலில் வெளிவந்த பி.டி.பி-11/45 கணினிகளில் ஒன்றை அவர்களால் வாங்க முடிந்தது. 1973-இல் கெர்னல் சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது அதில்தான்.

(தொடரும்)