நாற்றம் எங்கே?

நாற்றம் என்றதும் இன்று நாம் மூக்கைப் பொத்துகிறோம். வள்ளுவரோ 1274ஆம் குறளில் அரும்புக்குள் அடங்கிய நறுமணத்தை அச்சொல்லால்தான் குறித்தார். காலப்போக்கில் தமிழ்ச்சொல் தாழ்ந்தது. வடசொல்லான ‘வாசனை’ அரியணை ஏறிற்று. தனியே ஏறவில்லை, ‘பூர்வஜென்ம வாசனை’ என்று முற்பிறவிக் கதையையும் சுமந்து வந்தது. படிப்பு மறுக்கப்பட்டவனைக் ‘கல்வி வாசனையற்றவன்’ என்று இகழ்ந்தோம். மறுத்தவனை என்னவென்று அழைத்தோம்? மீன் விற்பவளை நாறுகிறாள் என்று ஒதுக்கினோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்து மீனவரை மூச்சுத் திணறவைத்த நெடியோ மீனிலிருந்து வரவில்லை. ஆலைக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா அது! மணலி புதுநகர்த் தோழர்களே! நாற்றம் உழைப்பவர் உடலில் இல்லை. அவரைத் தாழ்த்தும் நம் நினைப்பில் இருக்கிறது. கழுவ வேண்டியது அதைத்தான்.